பாடகர் நடித்த பகிடிப் படமும் நானும்

டென்மார்க்கில் தமிழ்ப் படம் போட்டுக் காட்டுகிறவருக்கு, படம் திரையில் ஓடும், பேச்சு மட்டும் தலையில் விழும். கோயில் நிர்வாகம், தமிழ்ப் பாடசாலை, கலைவிழா என்று எதையாவது பொறுப்பெடுத்து நொந்துபோனவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கிழமை நாட்களில் எனக்கு ஹோர்சன்சில் முதியோர் இல்லத்தில் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் அங்கேயே தியேட்டரில் ஹால் எடுத்துப் படம் போடுவேன், அடுத்த ஞாயிறு அதே படம் வடக்கே ஓல்போர்க் நகரில். போன மாதம் வரவேண்டிய புதுப்படம் வரவில்லை. ஹால் எடுத்தாகிவிட்டது. கடைசியில் கையில் கிடைத்தது ஆட்களைச் சிரிக்கவைக்கிற ஒரு பழைய பகிடிப் படம். எங்கள் எல்லாருக்கும் பிடித்த ஒரு பாடகர் கதாநாயகனாக நடித்த ஒரே படம் அது. அதில் அவர் பால்காரனாக வருவார்.

தொலைபேசியில்

அறிவித்தல் போட்ட அன்றே எஸ்பியர்க்கிலிருந்து கமலா அக்கா எடுத்தார். என் படங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் கார் ஓடி வருகிறவர். அந்த ஒரு காரணத்தால் என்னை என்னவும் கேட்கலாம் என்று நினைப்பவர்.

"அவர் இதிலை பாடுறாரோ, நடிக்கிறாரோ?" என்றார். இரண்டும்தான் என்றேன்.

"அப்ப ஒண்டு செய்யுங்கோ பிள்ளை. பாட்டு வரேக்கை கூப்பிடுங்கோ, நடிக்கிற நேரம் நாங்கள் வெளியிலை நிண்டு தேத்தண்ணி குடிக்கிறம்."

முதல் வரிசை ரசிகர்

துரை அண்ணை முன்னாள் பஸ் சாரதி. அந்தப் பாடகரின் பாட்டு அத்தனையும் மனப்பாடம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோயிலுக்கு வருவதுபோல் வந்து முதல் வரிசையில் இருந்தார். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பாடகர் சாணியில் வழுக்கி விழுந்து, பாற்குடம் தலையில் கவிழ்ந்து, எருமை அவரைத் துரத்தியது. ஹால் சிரித்தது. துரை அண்ணை எழும்பி, குனிந்தபடி வெளியே வந்தார். நான் பின்னால் ஓடினேன். அவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"சிரிக்க வைக்க ஆயிரம் பேர் இருக்கினம், தங்கச்சி. பாட இவர் ஒராள்தான். இவரைப் பிடிச்சு ஏன் சாணியிலை விழுத்தினவங்கள்?"

இடைவேளை

சிந்துஜா இங்கே பிறந்த பிள்ளை. பேச்சுத் தடங்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. எட்டு வயது மகளையும் கூட்டிவந்திருந்தாள். படத்தில் பால் கடை வேலையாள் ஒருவன் திக்கித் திக்கிக் கதைப்பான். அவன் திக்குவதையே பாடகர் ராகம் போட்டுப் பாடிக் காட்டுவார். அந்தக் காலத்தில் இதற்குத்தான் தியேட்டரில் விசில் அடித்திருப்பார்கள். எங்கள் ஹாலும் நன்றாகத்தான் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அப்போதுதான் அன்ரன் அண்ணையின் நினைவு வந்தது. குளிரூட்டிக் களஞ்சியத்தில் வேலை செய்கிற மன்னார்க்காரர். அவருக்கும் பேச்சுத் தடங்கும். வருடக்கணக்காகப் படத்துக்கு வருகிறார், விரலைக் காட்டித்தான் ரிக்கெற் கேட்பார். எட்டிப் பார்த்தேன். தலையைக் குனிந்து, லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் சிந்துஜா வீட்டுக்குப் போக மகளுக்கு ஜாக்கெற்றைப் போட்டபடி, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்:

"நான் பிள்ளையின்ரை கண்ணைப் பொத்தினன் அக்கா. பிறகுதான் விளங்கிச்சு, பொத்தவேண்டியது காதை."

இயந்திர அறையில்

தியேட்டரின் தொழில்நுட்பாளர் ஹென்ரிக்குக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. சிறு கண்ணாடி யன்னல் வழியாகப் படம் முழுவதையும் பார்த்திருக்கிறார். சனம் போனபிறகு, படம் எப்படி என்று அவரிடம் கேட்டேன். ஒருவராவது நல்ல வார்த்தை சொல்லமாட்டாரா என்ற நப்பாசை. "சோகமான படம்," என்றார். இல்லை, இது பகிடிப் படம் என்றேன். அவர் நம்பவில்லை. வயரைச் சுருட்டிக்கொண்டே டேனிஷில் சொன்னார்:

"ஒருவர்கூட மற்றவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருக்கவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, பிறகு அவள் போய்விட்டாள்."

ஓல்போர்க்

அடுத்த ஞாயிறு அதே படம் ஓல்போர்க்கில். இம்முறை கெட்டித்தனமாக நடப்போம் என்று, அந்தத் திக்குவாய்க் காட்சியை முழுதாக வெட்டி எடுத்துவிட்டேன். நான்கு நிமிடம். படத்தின் கதைக்கு ஒரு குறையும் வராது.

வாசலில் அன்ரன் அண்ணை நின்றார். ஹோர்சன்சிலிருந்து ரயிலில், தங்கை மேரியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அதே படத்தை இவர் ஏன் திரும்பப் பார்க்க வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் நேரமில்லை. படம் முடிந்ததும் இருவரும் என்னிடம் வந்தார்கள். மேரிதான் முதலில் கதைத்தார்.

"அந்தப் பால் கடை வேலையாள் வரேல்லையே அக்கா? அண்ணை ரயிலிலை அந்தக் காட்சியைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர். ஹோர்சன்சிலை தொடங்கினது, இஞ்சை இறங்கேக்கைதான் முடிஞ்சது."

அண்ணைக்கு மனம் நோகும் என்றுதான் வெட்டினேன், போன கிழமை அவர் அழுததைக் கண்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்ததாம், மேரி சொன்னார். பிறகு அண்ணையே கதைக்கத் தொடங்கினார். நேரம் எடுத்தது. நான் காத்து நின்றேன். தடங்கிய இடங்களை எழுதமாட்டேன், சொன்னது இதுதான்:

"எத்தினையோ படம் பாத்திட்டன், தங்கச்சி. என்னை மாதிரிக் கதைக்கிறவன் இந்தப் படத்திலை ஒராள்தான் இருந்தவன். அவனையும் வெளியிலை விட்டிட்டியள்."

குறுஞ்செய்தி

வீட்டுக்கு வந்து, அவளுக்காவது ஆறுதலாக இருக்கட்டும் என்று, காட்சியை வெட்டிவிட்டதாகச் சிந்துஜாவுக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது.

"நான் வெட்டச் சொல்லேல்லையே அக்கா. நாங்கள் எல்லாரும் ஏன் சிரிச்சனாங்கள் எண்டு இருந்து கதைப்பம் எண்டுதான் நினைச்சனான்."

அதற்கடுத்த ஞாயிறு நான் எங்கும் போகாமல் வீட்டில் உடுப்புத் தோய்த்தேன், அதைப்பற்றி மட்டும்தான் இன்றுவரை ஒருவரும் எனக்கு அபிப்பிராயம் சொல்லவில்லை.