ஐயா சிற்றிசன் ஆன கதை

சீமோனைப் பேணாட் ஆக்கியதற்கு கனடா இமிகிரேசன்காரரைக் குறை சொல்ல முடியாது. தீவுப்பக்கத்து ஊர்காவற்றுறை வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னால் போட்டு ‘பேணாட் சீமோன்’ என்று எழுதிக் கொடுத்தவன் அவனேதான். முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர் என்று அவர்கள் பதிந்துவிட்டார்கள்.

ஸ்காபரோ மெத்தைத் தொழிற்சாலையில் அவன் பேணாட், சுருக்கி ‘பேர்னி’. பெற்ற தகப்பனின் பெயரைச் சொல்லி, இதைத் தூக்கு, அதைக் கூட்டு என்று சுப்பர்வைசர் ஏவும்போது அவனுக்கு உடம்பு கூசும். 92இல் ஐயா ஊரில் கண்மூடினார். சண்டைக்குள் போக வழியில்லை. அதற்குப் பிறகு அந்தக் கூச்சம் வலியாகவே மாறியது. சிற்றிசன்சிப் என்ற குடியுரிமை எடுக்கும்போது பெயரைத் திருத்தியே தீருவதென்று முடிவு கட்டினான். வேலையிடத்தில் தன்னை அப்படிக் கூப்பிடுவதைப் பற்றி வெட்கத்தில் வீட்டிலும் மூச்சு விடவில்லை.

அதுதான் வினையாகப் போனது. ஒருநாள் அவன் காய்ச்சலில் படுத்திருக்க, சுப்பர்வைசர் ஃபோன் எடுத்து, முழுப் பெயராகப் பேணாட்டைக் கேட்டார். புதிதாக வந்திறங்கியிருந்த மனைவி அன்ரனெற், ஏதோ ஒஃபிஸ் மாமனாரை விசாரிக்கிறது என்று நினைத்து, தெரிந்த இங்கிலிஷில் அவர் இறந்துவிட்டார் என்று துக்கமாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போனால், சாப்பாட்டு மேசையில் மெழுகுதிரி, பூங்கொத்து, ‘பேணாட்’ என்று எழுதிய அட்டை. அவனைக் கண்டதும் ஒருத்தி பேயைக் கண்டதுபோல் குளறினாள். கூட வேலை செய்யும் அறுபது வயது லெனாட் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். அந்தப் பூவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐயாவின் படத்துக்கு வைத்தபோதுதான் சீமோனுக்கு மனம் ஆறியது.

மகள் ஏஞ்சலா நூலகத்தில் பெயர்ப் புத்தகம் ஒன்று எடுத்து வந்தாள். பேணாட் பழைய ஜெர்மானியப் பெயராம். கரடியின் துணிவு என்று பொருளாம். ஒருகாலத்தில் தெருவுக்கு நாலு பேணாட், இப்போது ஒரு பிள்ளைக்கும் வைப்பதில்லையாம். மாடு தலையாட்டினாலே வேலியோடு ஒதுங்குகிற ஐயாவை நினைத்துச் சீமோன் புரைக்கேறச் சிரித்தான்.

96இல் சிற்றிசன்சிப் ஒஃபிசில், பெயரில் திருத்தம் உண்டா என்று கேட்டார்கள். அன்ரனெற் அவன் விலாவில் இடித்தாள்.

“இருக்கட்டுமப்பா,” என்றான் சீமோன். “ஐயா தீவை விட்டு அங்காலை போகாத மனுசன். இண்டைக்குக் கனடாச் சிற்றிசன் ஆகப்போறார். நான் ஏன் மறிப்பான்?”