அண்டாவுக்குள் நீச்சல் வகுப்பு

எங்கள் தெருவுக்குள் படகு வந்த மழைக்காலத்துக்கு அடுத்த கோடையில், பெருங்களத்தூரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நீச்சல் ஞானம் பிறந்தது. அதுவரை அபாகஸ், பாட்டு என்று அலைந்துகொண்டிருந்த எங்களைத் தோளில் துண்டோடு தாம்பரத்தில் ஒரு நீச்சல்குளத்துக்கு விரட்டிவிட்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

அங்கே பாடம் என்று தனியாக எதுவும் இல்லை, எல்லாம் விளையாட்டுதான். கற்றுக்கொடுத்த கோச் அக்கா எங்களை முதலைகளாக்கி, ஆழமில்லாத பக்கத்தில் கையூன்றித் தவழவிட்டார். முகத்தைத் தண்ணீரில் வைத்து வண்டு மாதிரி ‘ம்ம்ம்’ என்று முனகச் சொன்னார். முனகினால் மூக்கில் தண்ணீர் ஏறாது. ஏன் ஏறவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருப்பேன். எனக்கு ரொம்பப் பிடித்தது வளைய விளையாட்டு. அக்கா ரப்பர் வளையத்தைத் தண்ணீருக்குள் போடுவார். மூழ்கிப்போய் எடுத்து வர வேண்டும்.

ஆழமான பக்கத்திலும் இனி நான் வளையம் எடுக்கலாம் என்று அக்கா சொன்ன அன்று, அம்மா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். அந்த மழைக்குப் பிறகு அவளுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. நான் அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அம்மா அசையவில்லை. ஆனால் கேள்விகள் மட்டும் கேட்டாள். உள்ளே கண் எரியுமா, வெளியே கூப்பிட்டால் காதில் விழுமா, மூச்சு முட்டப்போவது முன்கூட்டியே தெரியுமா?

“சொன்னா புரியாதும்மா. நீயே செஞ்சு பாரு” என்றேன்.

லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் அண்டாவை அவள் நிஜமாகவே குளியலறைக்கு இழுத்து வந்துவிட்டாள். கொண்டை போட்டுக்கொண்டு முகத்தை உள்ளே வைத்தாள், வைத்த வேகத்தில் எடுத்தாள். மூக்குத்தி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். நான் கோச் அக்காவைவிடக் கண்டிப்பானவள், விடவில்லை. கொஞ்ச நாளில் அடியில் கிடக்கும் வளையலைக் கண் திறந்து எடுக்கும் அளவுக்குத் தேறினாள். அதன்பின் மூச்சடக்கும் போட்டி, நான் பக்கெட்டில், அவள் அண்டாவில். எப்போதும் அவள்தான் முதலில் தலையைத் தூக்குவாள். தூக்கியதும் “இன்னொரு வாட்டி” என்பாள். வீட்டில் இரண்டு மீன் வளர்ப்பதாக அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை அம்மா தானாகவே கோச் அக்காவிடம் போய்ச் சரி என்றாள். எல்லாம் என் பயிற்சியின் மகிமை என்று எனக்கு ஒரே பெருமை.

ஆழமான பக்கத்தில் குதித்தேன். முதலில் வளையம் கைக்கு எட்டாமல் நழுவியது. விட மனமில்லாமல் இன்னும் கீழே போய்ப் பிடித்தேன். மேலே வந்து வளையத்தைத் தூக்கிக் காட்டியபோது கரையிலிருந்த மற்ற அம்மாக்கள் கைதட்டினார்கள். என் அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து குளத்தின் விளிம்பில் நின்றிருந்தாள். கன்னம் உப்பி, வாய் இறுக மூடியிருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சை விட்டாள். விட்டவளுக்கு இரைத்தது.

கரையில் நின்றுகொண்டே என்னோடு போட்டி போட்டிருக்கிறாள்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

“இன்னிக்கு நீதாம்மா ஜெயிச்ச” என்று கத்தினேன்.