மாமனார் கிளம்பிட்டார்

என் கணவருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் எழுகிற புகை தெரியும். அலமாரியில் இருக்கிற உப்பு டப்பா தெரியாது. "எங்க வச்சிருக்கே?" என்று சமையலறையில் நின்று கூப்பாடு போடுவார். போய்ப் பார்த்தால் டப்பா அவர் மூக்குக்கு நேராக உட்கார்ந்திருக்கும். இந்தக் கண்ணை நம்பித்தான் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் கோடையில் நிம்மதியாகத் தூங்குகிறது.

ஊருக்குக் கிழக்கே ஒரு குன்று. அதன் மேல் ஒரு இரும்புக் கோபுரம், நூற்றுப் பன்னிரண்டு படி. உச்சியில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு பைனாகுலர், ஒரு வயர்லெஸ், என் கணவர். எதிரே இருக்கும் காட்டு மலையில் எங்காவது புகை கிளம்புகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. ஊரில் அவருக்குப் பெயரே பைனாகுலர்தான். கல்யாணப் பத்திரிகையில் அப்படிப் போட்டிருந்தால் இன்னும் நாலு பேர் கூடுதலாக வந்திருப்பார்கள்.

கீழே தீயணைப்பு அலுவலகத்தில் வயர்லெஸ் மேசையில் இருப்பது நான். மேலிருந்து அவர் சொல்வார், நான் கேட்டுத் தண்ணீர் வண்டிகளை அனுப்புவேன். வீட்டில் நான் சொல்வேன், அவர் கேட்பார். பாவம், வேலை நேரத்தில் மட்டும்தான் அந்த மனுஷனுக்குப் பேச வாய்ப்பு. அதனால் வயர்லெஸ்ஸில் கொஞ்சம் வாய் நீளம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. லாரி கிளப்பும் புழுதி எது, செங்கல் சூளைப் புகை எது, காட்டில் பற்றியது எது என்று ஒரே பார்வையில் பிரித்துவிடுவார். இத்தனை வருஷத்தில் தப்பாகச் சொன்னது ஒரே ஒரு முறை. வண்டிகள் மணியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், மரத்தடியில் எங்கள் அதிகாரி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அது தப்பே இல்லை, காட்டுக்குள் சிகரெட் பிடிக்கலாமா என்று இன்றைக்கும் வாதாடுகிறார்.

அடுத்து என் அப்பா. லேத் பட்டறையில் நாற்பது வருஷம் இரும்பைக் கடைந்தவர். கோபம் மூக்கு நுனியில் தயாராக நிற்கும். என் கணவரை அவர் ஒரு நாளும் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. "அந்த ஆளு" என்பார். நல்ல மனநிலையில் இருந்தால் "மரத்து மேல உக்காந்திருக்கிற குரங்கு" என்பார். காட்டு மலையின் அடிவாரத்தில் எட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும். அதில் கடைசி வீடு அவருடையது. அம்மா போனபிறகு அங்கே தனியாகத்தான் இருந்தார். எங்களோடு வந்து இருங்கள் என்றால், "குரங்கு இருக்கிற வீட்டுலயா?" என்பார்.

மூன்று கோடைக்கு முன்னால் அதிகாரி ஒரு கூட்டம் போட்டார். நாங்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதை டீக்கடைகளில் ஒட்டுக்கேட்கிறார்களாம். "தீ" என்ற சொல் காதில் விழுந்ததும் ஊரே மூட்டை முடிச்சோடு சாலைக்கு வந்துவிடுகிறதாம். இனிமேல் யாரும் தீ என்று சொல்லக்கூடாது, வேறு ஒரு சொல் வேண்டும் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் கணவர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மாமனார்னு வச்சுக்கலாம் சார்."

"ஏன்யா?"

"சொல்லாம கொள்ளாம வரும். உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. இருக்கிறதையெல்லாம் தின்னுட்டுத்தான் ஓயும்."

அறையே சிரித்தது. கல்யாணமான ஆண்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அதே அறையில் வயர்லெஸ் மேசையில் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது அந்த மாமனார் பெற்ற மகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சிரிக்கவே இல்லை. மூன்று நாள் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது.

ஆனால் சொல் ஒட்டிக்கொண்டது. மாமனார் உட்கார்ந்திருக்கார் என்றால் ஒரே இடத்தில் எரிகிறது. மாமனார் கிளம்பிட்டார் என்றால் பரவ ஆரம்பித்துவிட்டது. மாமனார் தூங்கிட்டார் என்றால் அணைந்துவிட்டது. அங்கங்கே சின்னச் சின்னதாய்ப் பற்றினால் மச்சினன்கள். ஒரு வருஷத்தில் எனக்கே பழகிவிட்டது. "மாமனார் எப்படி இருக்கார்?" என்று வாய் கூசாமல் கேட்டேன். கடைசியில் அது ரகசியச் சொல் என்பதே எங்களுக்கு மறந்துபோயிற்று. அங்கேதான் வந்தது வினை.

இந்தக் கோடையை என்னவென்று சொல்வது! நாற்பத்தாறு டிகிரி. குழாயைத் திறந்தால் டீ போடுகிற பதத்தில் தண்ணீர் வந்தது. தார்ச்சாலையில் செருப்பை விட்டுவிட்டுக் கால் மட்டும் வீடு வந்து சேர்ந்தது. அந்த வெயிலுக்கு மேலே புகை வேறு. காட்டு மலையின் பின்பக்கம் பதினோரு நாளாக எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கெல்லாம் ஈரப் போர்வை தொங்கவிட்டோம், அரைமணியில் அப்பளமாகக் காய்ந்தது. முகமூடியைக் கழற்றினால் மூக்கைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். அலுவலக வாசலில் காற்று எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று எண் காட்டும் பலகை ஒன்று உண்டு. அது ஐந்நூறு வரைக்கும் காட்டிவிட்டு, அதற்குமேல் என்னால் ஆகாது என்று இரண்டு கோடு போட்டுவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலையில், அடிவாரத்தில் இருக்கும் எட்டு வீட்டையும் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு வேன்காரரை வரவழைத்து, வண்டி மேல் சுழலும் மஞ்சள் விளக்கை மாட்டி, கையில் ஒரு வாக்கிடாக்கி கொடுத்து அனுப்பினோம். ஏழு வீடு ஏறிவிட்டது. எட்டாவது வீடு ஒற்றைக்காலில் நின்றது.

"தொட்டி நிறைய தண்ணி இருக்கு. என் வீட்டை எனக்குப் பாத்துக்கத் தெரியும். போய்யா" என்று வேன்காரரைத் துரத்திவிட்டார் அப்பா.

நான் போன் செய்தேன். "ஏம்மா, உங்கம்மாவை நான் கூட்டிட்டு வந்த வீடும்மா இது" என்றார். நான் கத்தினேன், கெஞ்சினேன், அழக்கூடச் செய்தேன். போனை வைத்துவிட்டார். அதன்பிறகு எடுக்கவேயில்லை.

அதிகாரி வேன்காரரைக் கூப்பிட்டார். "அவர் நம்ம பைனாகுலரோட மாமனார். முரட்டு ஆளு. இவங்களை இறக்கிவிட்டுட்டு ரெண்டு மணிக்குத் திரும்பப் போங்க. குண்டுக்கட்டாத் தூக்கிட்டு வந்தாலும் சரி" என்றார். வேன்காரரும் தலையாட்டிவிட்டுப் போனார். எங்களுடைய சொல்லை அவருக்குச் சொல்லவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இரண்டு மணிக்கு வேன் புறப்பட்டது. இரண்டே காலுக்கு என் கணவரின் குரல் வந்தது. வழக்கமாக ஆற அமரப் பேசுகிறவர், அன்றைக்கு மூச்சு வாங்கப் பேசினார்.

"மாமனார் கிளம்பிட்டார்! மாமனார் கிளம்பிட்டார்! வேகமா இறங்கி வந்துட்டிருக்கார்!"

காற்று திரும்பிவிட்டது. தீ மலை உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, அடிவாரத்தை நோக்கி இறங்குகிறது. நான் தண்ணீர் வண்டிகளை விரட்டிவிட்டு வேன்காரரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துகிட்ட திரும்பி வந்துட்டிருக்கேம்மா."

"அதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

"நான் எங்கம்மா கூட்டிட்டு வர்றது? அதான் மாமனார் கிளம்பிட்டார், வேகமா இறங்கி வர்றார்னு இப்பத்தானே சொன்னாங்க. பெரியவருக்கு எப்படியோ புத்தி வந்துடுச்சேன்னு வண்டியைத் திருப்பிட்டேன்."

மைக்கைப் பிடித்துக் கத்தினேன்.

"அது எங்கப்பா இல்லைங்க! தீ! தீ! தீ வருது! எங்கப்பா வீட்டுலயே இருக்கார்!"

விலக்கி வைத்த சொல்லை ஊரே கேட்க மூன்று முறை சொல்லிவிட்டேன். அதிகாரி வாயைத் திறந்தார். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

வேன்காரர் நல்ல மனுஷன். மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்பினார். ஆனால் பாலம் தாண்டியதும் சாலையில் புகை. "ஒண்ணுமே தெரியலம்மா, வண்டி மூக்கே தெரியல" என்றார். அப்போதுதான் மேலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, உங்க வண்டி மேல சுத்துற மஞ்ச விளக்கு எனக்குத் தெரியுது. ரோடு எனக்கு மனப்பாடம், நான் சொல்றபடி ஓட்டுங்க. நேரா வாங்க. இன்னும் கொஞ்சம். இடது பக்கம் ஒடிங்க. நிறுத்துங்க, பள்ளம். வலது சக்கரத்தை மட்டும் மேல ஏத்துங்க."

உப்பு டப்பா தெரியாத மனுஷன். இரண்டு கிலோமீட்டர் சாலையைத் திருப்பம் திருப்பமாக, குழி குழியாகச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்கக் கேட்கக் கொஞ்சம் தெம்பு வந்தது.

வேன் வாசலில் போய் நின்றது. அப்பா மொட்டைமாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு தளத்துக்கும் சுவருக்கும் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாராம். வேன்காரர் கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேன்காரரே மாடிக்கு ஏறிப்போய் வாக்கிடாக்கியை அப்பா கையில் திணித்தார்.

"மாமா, நான்தான் பேசறேன்" என்றார் என் கணவர்.

"எந்த நான்?"

"உங்க பொண்ணோட வீட்டுக்காரர்."

"ஓ, அந்த ஆளா. மேல உக்காந்துகிட்டு எனக்குப் புத்தி சொல்றியா?"

"மாமா, பத்து நிமிஷம்தான் இருக்கு. இறங்கி வண்டியில ஏறுங்க."

"முடியாது. வேலையைப் பாரு."

செத்தோம் என்று நினைத்தேன். பிறகு என் கணவர் வேறு ஒரு குரலில் ஆரம்பித்தார்.

"சரி மாமா. அதுக்குள்ள ஒண்ணு சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல தீயைத் தீன்னு சொல்றதில்ல."

"அதுக்கு?"

"மாமனார்னு சொல்றோம்."

"என்னது?"

"பேர் வச்சது நான்தான். சொல்லாம கொள்ளாம வரும், உக்காந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது, இருக்கிறதையெல்லாம் தின்னுட்டுத்தான் ஓயும். உங்களை நினைச்சுத்தான் வச்சேன். மூணு வருஷமா சொல்லிட்டிருக்கோம். அத்தனை பேரும் சிரிச்சாங்க. உங்க பொண்ணும் சிரிச்சா."

நான் சிரிக்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் சிரித்தேன்.

"டேய்!" என்று ஒரு சத்தம். லேத் பட்டறைச் சத்தத்தில் நாற்பது வருஷம் பேசிப் பழகிய தொண்டை. மேசை அதிர்ந்தது. "எங்கடா இருக்கே நீ?"

"கோபுரத்துலதான் மாமா. தைரியம் இருந்தா நேர்ல வந்து கேளுங்க."

"இருடா, வர்றேன்! யோவ், வண்டியை எடுய்யா!"

திரும்பும் வழியிலும் ஒவ்வொரு திருப்பத்தையும் என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் அப்பா திட்டுவதும் கேட்டுக்கொண்டே வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை.

அலுவலகத்துக்குள் வந்தபோது அப்பா முகத்தில் கண் மட்டும்தான் வெள்ளை. கையில் குழாயின் பித்தளை முனை அப்படியே இருந்தது. "எங்க அவன்?" என்றார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "நீ தள்ளு, நீயும் சிரிச்சவதானே" என்றார். ஆனால் தள்ளவில்லை.

அடுத்த கால்மணியில் மேலிருந்து குரல் வந்தது. சொல்ல மனமில்லாத குரல். "வீடு போயிடுச்சு மாமா."

அப்பா என் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். கையிலிருந்த பித்தளை முனையைப் பார்த்துக்கொண்டே, "தொட்டி?" என்று கேட்டார்.

"நிக்குது."

அவர் அழுதார். அம்மா போன அன்றைக்கு அழுதவர், அதற்கப்புறம் அன்றைக்குத்தான். நானும் அழுதேன். புகையில் எல்லார் கண்ணிலும் தண்ணீர்தான், அதனால் யாரும் எங்களை வேடிக்கை பார்க்கவில்லை.

அந்தப் பெஞ்சை விட்டு இரண்டு நாள் அவர் எழுந்திருக்கவில்லை. பெயர் வைத்தது சரிதான் என்று அதிகாரி முணுமுணுத்தார். பொறி பறந்து குன்றின் அடியிலும் பற்றி, கோபுரத்துப் பாதையில் எரிந்த மரங்கள் விழுந்து கிடந்ததால் மாற்று ஆள் போக முடியவில்லை. என் கணவர் அந்தக் கண்ணாடிக் கூண்டில், ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டோடும், புகைக்கு நடுவே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். குரல் கம்மிப்போய், இருமலுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல்தான் வந்தது. மணிக்கு ஒரு தரம் அப்பா கேட்பார்: "குரங்கு பேசுச்சா?" பேசியது என்பேன். "தண்ணி வச்சிருக்கானா?" என்பார். "நாலு அறை விடணும், அதுக்குத் தெம்பா இருக்கணுமில்ல, அதான் கேக்கறேன்" என்பார்.

மூன்றாம் நாள் காலையில் காற்று அடங்கியது. பத்து மணிக்கு வயர்லெஸ் கரகரத்தது. பேசுவது அவர்தானா என்றே தெரியாதபடி ஒரு குரல்.

"மாமனார் தூங்கிட்டார்."

அறையில் எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். நான் பதில் சொல்ல மைக்கை எடுத்தேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது. லேத் பிடித்த, தோல் உரிந்து கொப்புளம் கட்டிய கை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்தினார். நான்தான் அவர் விரலைச் சரியான இடத்தில் வைத்தேன்.

"தூங்கல மாப்ளே" என்றார் அப்பா. "மூணு நாளா முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். இறங்கி வாங்க. உங்களுக்கு இருக்கு கச்சேரி."