மாக்கு காவாலி

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம் அது. ஓசூர் எங்களுக்குத்தான் என்று மைசூர்க்காரர்கள் சொன்னார்கள், ஆந்திராக்காரர்கள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். சந்தையில் ஒரே கத்தரிக்காய்க்கு மூன்று பாஷையில் பேரம் பேசுகிற ஊரை எந்த இடத்தில் கோடு போட்டுப் பிரிப்பார்களோ, எனக்குத் தெரியவில்லை. என் கவலை வேறு. என் மகனுக்குத் தபாலாபீசில் வேலை வருவதாக இருந்தது. போலீஸ் விசாரணை மட்டும் பாக்கி. எந்த வழக்கிலாவது அவன் பேர் ஏறிவிட்டால் வேலை அவ்வளவுதான்.

அதனால் ஊர்வலம் என்று கேள்விப்பட்ட அன்று காலையிலேயே அவனுடைய வேட்டிகளை எல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டேன். அவன் அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஊர்வலம் நடத்திய கட்சிக்காரருக்கு ஊருக்குள் ஆள் சேரவில்லை. சூளகிரிப் பக்கம் களையெடுக்கிறவர்களை லாரியில் ஏற்றி வந்தார். ஆளுக்கு எட்டணா, ஒரு புளிசாதப் பொட்டலம். எல்லோரும் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவர்களுக்குத் தமிழில் கோஷம் சொல்லிக்கொடுக்கக் கணீரென்ற குரல் வேண்டுமென்று என் மகனை முன்னால் நிறுத்தியிருந்தார்.

“ஓசூர் எங்களுக்கே வேண்டும்” என்று இவன் சொல்ல, அவர்களும் கொஞ்ச தூரம் சரியாகத்தான் சொன்னார்களாம். வெயில் ஏற ஏற நாக்கு அதன் சொந்த வழிக்குத் திரும்பிவிட்டது. “ஓசூரு மாக்கு காவாலி” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அர்த்தம் அதேதான். ஆனால் தெலுங்கில் கேட்டால் ஊர் ஆந்திராவுக்கல்லவா போய்விடும்? கட்சிக்காரர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் உரக்கக் கத்தினார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தெலுங்கில் ஒரு சொல்லும் அறியாதவர். அவர் காதில் விழுந்தது ‘காவாலி’ என்ற வசவு மட்டும்தான்.

“யாரைப் பாத்துல காவாலிங்கிய?” என்று கேட்டு, அத்தனை பேரையும் அதே லாரியில் ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போய்விட்டார்.

செய்தி கேட்டு ஓடினேன். ஸ்டேஷன் வாசலில்தான் பார்த்தேன், காலுக்கு ஒரு தினுசாக இரண்டு செருப்பு.

அதற்குள் யாரோ அவருக்கு அர்த்தம் சொல்லியிருந்தார்கள். கோபம் தணிந்துவிட்டது. ஆனால் அனுமதி வாங்காத ஊர்வலம் என்பது பாக்கி இருந்ததே. கொள்கைக்காக வந்தவர்கள் மேல் வழக்கு, கூலிக்கு வந்தவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தார். முன்னவர்கள் சுவர் ஓரமும் பின்னவர்கள் வாசல் பக்கமும் நிற்க வேண்டும்.

யாருக்கும் காலணா கொடுக்கவில்லை, எல்லாம் தானாகப் பொங்கிய உணர்ச்சி என்று கட்சிக்காரர் முழங்கினார். அவர் முடிப்பதற்குள் லாரிக் கூட்டம் மொத்தமும் வாசல் பக்கம் போய்விட்டது. அதில் ஒரு பெண், ஸ்டேஷனில் உட்கார்ந்த நேரத்துக்குத் தனியாகக் கூலி உண்டா என்று அவரிடமே கேட்டாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தனக்கும் மேலிடத்திலிருந்து ஏதோ படி உண்டு என்று முனகியபடி வாசல் பக்கம் நகர்ந்தார்.

சுவர் ஓரம் நின்றவன் என் மகன் ஒருவன்தான்.

“டேய், எட்டணா வாங்கினேன்னு சொல்லுடா.”

“வாங்கலம்மா.”

“வாங்கியிருப்ப. மறந்திருப்ப.”

“நான் காசுக்கு வரலம்மா.”

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். அப்போது கூலி கேட்ட அந்தப் பெண் திரும்பி வந்து, வீட்டுக்கென்று மடியில் முடிந்து வைத்திருந்த பொட்டலத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“இந்தா சின்னய்யா, உன் பொட்டலத்த லாரியிலயே உட்டுட்டு வந்துட்ட. கத்தனதுக்குக் குடுத்தது, உடுவாங்களா?”

சப்-இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைப் பார்த்தார். என் செருப்புகளையும் பார்த்தார். மறுத்துச் சொல்ல மகன் வாயைத் திறந்தான். நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி புளிசாதத்தை அந்த வாயில் வைத்து அடைத்தேன்.

“சரி, கூலிதான். கூட்டிட்டுப் போங்க” என்று அவர் பேனாவை மூடினார்.

மகன் என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. விசாரணைக்கு வந்த ஏட்டு, ஊர்வலத்துக்கு எல்லாம் பையன் போவதுண்டா என்று கேட்டார். கூலி கொடுத்தால் போவான் என்று முந்திக்கொண்டு சொன்னேன். உள்ளேயிருந்து மகன் இருமுகிற சத்தம் கேட்டது. வேலை கிடைத்துவிட்டது.

ஆனாலும் தெருவில் கோஷம் கேட்டால் உடனே வேட்டிகளை ஊறப்போட்டுவிடுகிறேன், அவன் அப்பாவினுடையதையும் சேர்த்து.