எந்தக் கம்பெனி என்று கேட்டபோது

இன்று இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் மளிகைக் கடையில், கோயிலில் பழக்கமான தோழி ஒருவர் கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் இப்ப எந்த கம்பெனி?"

ஐ.டி. வேலை போனபின் என் கணவர் லாரி ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். நானோ வாய் கூசாமல், "லாஜிஸ்டிக்ஸ் சைடு" என்று பூசி மெழுகினேன்.

தேங்காயோடு பின்னாலேயே நின்றிருக்கிறார் மனுஷன்.

"லாரி டிரைவர்ங்க. ரெண்டு கம்பெனி கூப்பிட்டாங்க. ஒண்ணுல சம்பளம் ஜாஸ்தி, ஆனா லாரில ஃபேமிலிய ஏத்தக்கூடாதாம். இவ தனியா இருக்க பயப்படுவா. அதான் இன்னொண்ணுக்கு ஓகே சொல்லிட்டேன்."

"அடேங்கப்பா, குடுத்து வச்சவங்க நீங்க!" என்றார் தோழி.

முருகா, எனக்குத் தலை நிமிரவில்லை. காருக்கு நடக்கும்போது அவர் என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

அவர் ட்ரெயினிங் முடிந்ததும் நானும் லாரியில் ஏறுகிறேன். அவ்வளவு உயரமான படியில் புடவையோடு ஏற முடியுமா? லாரிக்காரர் பெண்டாட்டிகள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.