கோத்தோங் ரோயோங்கும் ஒரு வாளிச் சுண்ணாம்பும்

இன்று காலை புக்கிட் செந்தோசாவில் எங்கள் தாமான் குடியிருப்பின் தலைவர் ஒரு வாளி சுண்ணாம்பை என் வாசலில் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம கோத்தோங் ரோயோங், வந்துருங்க லா" என்றார். அந்த வாடை பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் கூடி ஆளுக்கொரு கை கொடுப்பதற்குத்தான் கோத்தோங் ரோயோங் என்று பெயராம்.

முன்பு அம்மா வேலை செய்த கோலசிலாங்கூர்த் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் மண்டோரும் அப்படித்தான் கூப்பிட்டார். பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்களாம், நாங்கள் குடியிருந்த லயம் பளிச்சென்று இருக்க வேண்டுமாம். வாரமெல்லாம் வெயிலில் காய்ந்த அம்மா, ஓய்வு நாளில் கால்வாய் சுரண்டி, கை வெந்துபோகச் சுவர் முழுக்க வெள்ளையடித்து, வாசலில் பெரிய கோலமும் போட்டாள். வந்தவர்கள் காரை விட்டு இறங்கவே இல்லை. தோட்டத்தை வாங்க வந்தவர்கள் அவர்கள் என்பது, வீட்டைக் காலிசெய்யச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

விற்பதா வேண்டாமா என்று பேசியபோது மட்டும் எந்த மண்டோரும் எங்களைக் கோத்தோங் ரோயோங்குக்குக் கூப்பிடவில்லை.