காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போகக் கேட்டவள்

கோமதி இறந்த செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில், மறுநாள் டூட்டிப் பட்டியலுக்குக் கீழே வந்தது. பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருந்தது. முதலில் வந்த பதில், "அப்ப அவளுக்குப் பதிலா யாரு?" என்பது. கேட்டவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் நினைத்தேன்.

அவளோடு பயிற்சி மருத்துவர்களாக இருந்த உங்களுக்கு அவள் பேச்சு தெரியும். மம்சாபுரத்துப் பெட்டிக்கடைக்காரர் மகள். ஒருநாள், ரத்தக்கொதிப்புக்கு வந்த ஒரு பெரியவரிடம், "நேரத்துக்குச் சாப்பிடுங்க, நல்லாத் தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் உள்ள போயிக் கெடக்கு. ஊருக்குத்தான் உபதேசமா தாயி?"

"டூட்டி முடியட்டும் தாத்தா, ஒங்களுக்கும் சேத்துத் தூங்குறேன்."

அன்று மாலைவரை அவள் சாப்பிட்டது ஒரு பன்.

இரவு முழுக்க வேலை பார்த்தவர்கள் மறுநாள் மாலை வரை நிற்பது எங்கள் வழக்கம். காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்போம் என்றாள். "தூங்கப் போறேன்னு சொல்ல என்னட்டி வெக்கம்?" கூடப் பேசுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

ரவுண்ட்ஸில் அவள் கேட்டாள். தலைமை மருத்துவர் சிரித்தார். "நாங்கள்லாம் தூங்கியா டாக்டர் ஆனோம்? வேற யாருக்காச்சும் இந்தக் கஷ்டம் இருக்கா?" என்று எங்களைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வன்னியம்பட்டியில் களை எடுக்கும் என் அம்மா, நான் டாக்டராகும் நாளுக்குக் காத்திருக்கிறாள். பயிற்சிச் சான்றிதழில் தலைமை மருத்துவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே வந்ததும் கோமதி கேட்டாள்: "ஏட்டி, தரையில எதைத் தொலைச்ச?" அவள் திட்டியிருந்தால் தேவலை.

பத்து நாள் கழித்து ஒரு மாலையில், டூட்டி முடித்துத் திரும்பும்போது, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் அவள் ஸ்கூட்டர் புளியமரத்தில் மோதியது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. விபத்து என்று எழுதினார்கள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எம் பிள்ள கொஞ்ச நேரமாச்சும் தூங்குனாளா தாயி?"

"தூங்குனா அத்தை" என்றேன். முந்தின நாள் காலையிலிருந்து அவள் படுக்கவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அவளை அர்ப்பணிப்பின் உருவம் என்றார்கள். அடுத்த வாரம் எங்களுக்கு ஆரோக்கிய வாழ்வு பற்றி வகுப்பு. காலை எட்டு மணிக்கு. இரவு டூட்டி பார்த்தவர்களும் கட்டாயம் வர வேண்டும். தண்ணீர் குடியுங்கள், நடங்கள், ஏழு மணி நேரம் தூங்குங்கள் என்று படம் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினோம். வருகைப் பதிவு மட்டும் ஒழுங்காக எடுத்தார்கள்.

அவளுடைய துணிச்சல் எனக்கு வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாயிருக்கும். வரவில்லை. பேசினால் குரல் நடுங்குகிறது. இரவு டூட்டி பார்த்தவர்களைக் காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு விடுங்கள் என்று அவள் கேட்ட அந்த ஒரு வரி மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கடிதமாக எழுதி, இந்த வாரம் உங்கள் எல்லோரிடமும் கையெழுத்துக்காகக் கொண்டுவந்தேன். "சான்றிதழ் கைக்கு வரட்டும், பொறவு பாப்போம்" என்றீர்கள்.

நாளைக் காலை அதைத் தலைமை மருத்துவரிடம் கொடுக்கப் போகிறேன். கீழே என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது.